பாதி மூச்சு, பாதிப் பாட்டு

இலோ துறைமுகத்தில் வாழும் அன்பு மகள் எல்விராவுக்கு, புனோவிலிருந்து அப்பா எவாரிஸ்தோ எழுதிக்கொள்வது. கந்தேலாரியா மாதா தயவில் நான் பரம சௌக்கியம். மாப்பிள்ளை, குழந்தைகள், உன் வீட்டுக் கூரையில் உட்காரும் கடற்பறவைகள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

"மலையில காத்தே கம்மிப்பா, கீழ வந்து எங்களோட இருங்க" என்று நீ கூப்பிட்டதற்குப் பதில், வரமாட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. அந்தத் தொற்றுக் காய்ச்சல் போன மழைக்காலமே போய்விட்டது. டாக்டரம்மாதான் மார்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "கிருமி போயிடுச்சு பெரியவரே, நுரையீரல்ல தழும்ப விட்டுட்டுப் போயிருக்கு" என்று பயமுறுத்துகிறாள். சந்தைப் படிக்கட்டில் நடுவில் உட்காருகிறேன் என்றால் அது ஏரியைப் பார்க்க. பிறந்தநாள் மெழுகுவர்த்தியை நான் ஊதி அணைக்கவில்லை என்று யாரோ உன்னிடம் கோள் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மெழுகு, எரியட்டுமே என்று விட்டேன், அவ்வளவுதான்.

அதோடு மாதா திருவிழா வருகிறது, ஊர்வலத்தில் எங்கள் குழல் குழு ஊத வேண்டும். நான் வந்துவிட்டால் எர்மோகெனெஸ் என்ன செய்வான்? ஒரு பாட்டின் சுரங்களில் ஒன்று விட்டு ஒன்று என் குழலில், மிச்சம் அவன் குழலில். உன் அம்மாவைக் கட்டுவதற்கு முன்பிருந்தே அவன்தான் என் ஜோடி. உண்மையைச் சொன்னால், இந்த வருட ஒத்திகையில் நான் கன்னத்தை உப்பவைத்தேனே தவிர ஊதவில்லை. அத்தனை பேர் ஊதும்போது ஒருவன் ஊதாதது யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் போன ஞாயிறு எங்கள் குழுத் தலைவன் பசிலியோவுக்கு என்ன தோன்றியதோ, ஒவ்வொரு ஜோடியும் தனியாக ஊத வேண்டும் என்றான். எங்கள் முறை வந்தது. முரசு மட்டும் கேட்டது. நான் எர்மோகெனெஸைப் பார்த்தேன். அவன் கன்னமும் உப்பியிருந்தது, சத்தம்தான் இல்லை.

"அடப்பாவி, நீயுமா?"

"எனக்கும் அதே காய்ச்சல்தானடா. நீ ஊதுறேன்னு நெனச்சுத்தான் நான் தைரியமா சும்மா இருந்தேன்."

சிரித்தோம், சிரிப்பு இருமலானது, யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். "பெரியவங்க ரெண்டு பேரும் இந்த வருஷம் கொடி புடிங்க" என்றான் பசிலியோ, மரியாதையாகத்தான். வீட்டுக்கு வந்து அழுதேன், மகளே. எனக்காவது நீ இருக்கிறாய், எர்மோகெனெஸுக்கு யாரும் இல்லை. அவனைத் தனியே விட்டு நான் வரமாட்டேன். இனிமேல் இந்தப் பேச்சை எடுக்காதே.

மாதா உங்களைக் காக்கட்டும். குழந்தைகளுக்கு முத்தம்.

உன் அப்பா,
எவாரிஸ்தோ கலிசாயா

பி.கு.: அஞ்சலில் சேர்க்கும் முன் இதை எர்மோகெனெஸுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது, மீதியை அவன் வாசித்தான். முடித்துவிட்டு, "கடலோரத்துல காத்து நெறைய இருக்குமாமேடா" என்றான். கொடி பிடித்துவிட்டு, மறுநாள் பேருந்தில் வருகிறோம். கட்டில் இரண்டு போடு. குழல்களையும் கொண்டுவருகிறோம், கூரைப் பறவைகளிடம் சொல்லிவை.