நம்பர் அண்ணனுக்கு வந்த மெசேஜ்கள்

தர்மபுரி மாவட்டத்திலேயே அதிக முறை கர்ப்பமான ஆண் எங்கள் நம்பர் அண்ணன்தான். ஒரே வாரத்தில் அவர் போனுக்கு ஒன்பதாம் மாத ஸ்கேன், மூட்டுத் தேய்மானம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று மெசேஜ் குவியும்.

நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் பதிவு கவுண்டர் அவருடையது. போன் இல்லை என்று யார் சொன்னாலும் தன் நம்பரையே போட்டுவிடுவார். மெசேஜ் வந்தால் சந்தை நாளில் ஆளைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அவர் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "யாருங்க அந்த மாசமா இருக்கறவ?" என்று கவுண்டருக்கே வந்து நின்றார்.

பென்னாகரத்திலிருந்து ஒரு பெண் மனநல டாக்டரைப் பார்க்க வருவாள். "போனு வூட்டுக்காரர்கிட்ட இருக்குதுங்கண்ணா. தெரிஞ்சா பைத்தியம்னு சொல்லி அம்மா வூட்டுக்கு அனுப்பிருவாரு. புள்ளையக் குடுக்க மாட்டாங்க."

"என் நம்பரு இருக்குது. நீ போம்மா" என்றார் அண்ணன்.

பிறகு புது மேனேஜர் வந்தார், கூடவே ஏஐயும் வந்தது.

"ஊரே உங்க நம்பர்லதான் படுத்திருக்குதா? டேட்டா பூரா குப்பைங்க!"

"குப்பைதாங்க சார். கிளறாதீங்க. அதுல சில பேரு ஒளிஞ்சிருக்காங்க."

கேட்கிற காதா அது? நோயாளிகள் விவரம் மொத்தத்தையும் ஏஐயில் கொட்டினார். அதுவும் கணவன் பெயரைப் பழைய பதிவுகளோடு பொருத்திப் பார்த்து, அவரவர் வீட்டு நம்பரைக் கண்டுபிடித்துப் போட்டது. மேனேஜர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த நாள் அண்ணன் போனுக்கு ஒரு மெசேஜும் வரவில்லை. பாதி வேலையில் எழுந்து பென்னாகரம் பஸ் ஏறினார். அந்தப் பெண்ணின் மாத்திரை மெசேஜ் அவருக்கு முன்பே அவள் கணவன் போனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டம்மா சொன்னாராம்: "அவள அம்மா வூட்டுல கொண்டுபோய் உட்டுட்டாங்க. புள்ள இங்கதான் அழுவுது."

டேட்டாவைக் கெடுத்தவர் என்று அண்ணனைத்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள். ஏஐ இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை.

போன வருடம் எனக்கும் தூக்கம் போய்விட்டது. யாருக்கும் தெரியாமல் சேலத்தில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தேன். கவுண்டரில் போன் நம்பர் கேட்டார்கள். யோசிக்காமல் அண்ணன் நம்பரைச் சொன்னேன்.

சாயங்காலம் போன் வந்தது. என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சார், மாத்திரைய சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லி வந்திருக்குதுங்க. சாப்புட்டீங்களா?"