டி பிளாக்கின் கறுப்பு வெள்ளை உறுதிநிலை

ஒரு கட்டடம் நிற்குமா விழுமா என்பதை அந்தக் கட்டடத்தைப் பார்த்தே தீர்மானிக்கும் பழைய வழக்கம் மாநில வாழிடச் சீரமைப்பு வாரியத்தில் ஒரு நல்ல நாளில் ஒழிந்தது. கட்டடம் வெயிலில் நிற்கிறது. பக்கத்தில் கால்வாய் நாறுகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஓர் அதிகாரி நடுநிலையோடு சிந்திக்க முடியாது என்று வாரியம் உணர்ந்தது. ஆகவே இனிமேல் குடியிருப்புகளின் உறுதிநிலையைப் புகைப்படத்தில் பார்த்து முடிவு செய்வதென்றும், அந்தப் புகைப்படம் கறுப்பு வெள்ளையில்தான் இருக்க வேண்டுமென்றும் ஆணை பிறந்தது.

ஏன் கறுப்பு வெள்ளை என்றால், துணை இயக்குநர் ரகுபதிக்கு அது பிடித்திருந்தது. அடையாறில் யாரோ நடத்திய புகைப்பட வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து அவர் நிறங்களை ஒழுக்கக் குறைவாகக் கருதத் தொடங்கியிருந்தார். அந்த வகுப்புக்குப் போன எல்லோருமே அப்படித்தான் ஆகிவிட்டார்கள். அத்தனை வண்ணம் பூசி வைத்திருக்கிற கோயில் கோபுரத்தைச் சாம்பல் நிறத்தில் எடுத்துப் போட்டு, கீழே ‘மௌனம்’ என்று எழுதினார்கள். “கலர் பொய் சொல்லும், கறுப்பு வெள்ளைதான் உண்மையைச் சொல்லும்” என்பார் ரகுபதி. அந்த உண்மை வெளிவருவதற்காக அபிராமபுரத்து அலுவலகத்தில் மேசை அகலத்துக்கு ஓர் இங்க்ஜெட் பிரிண்டர் வந்து இறங்கியது.

அதிலிருந்து முதலில் வெளிவந்தது டி பிளாக்.

டி பிளாக் மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டி நிற்கும் பழைய மாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் இருக்கும் ஜோதிலட்சுமி, சாயங்காலம் மாட வீதி முனையில் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுகிறவள். போன பொங்கலுக்குக் குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து கட்டடத்துக்கு ரோஸ் கலர் அடித்திருந்தார்கள். சுவரில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அந்தச் சுவரில்தான் ஒரு காலை நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

‘புகைப்பட ஆய்வில் மேற்படி கட்டடத்தின் முகப்பில் கிடைமட்ட விரிசல்கள் பெருமளவில் காணப்படுவதால், குடியிருப்போரின் உயிர்நலன் கருதி, அவர்கள் நகருக்கு வெளியே அமைந்துள்ள மாற்றுக் குடியிருப்புக்கு அனுப்பப்படுவார்கள்’ என்று அதில் இருந்தது. உயிர்நலன் என்ற சொல்லை ஜோதிலட்சுமி இரண்டு தடவை படித்தாள். அந்த மாற்றுக் குடியிருப்பை அவள் பார்த்திருக்கிறாள். அங்கே பஜ்ஜி வாங்க ஆள் கிடையாது. அங்கே குடியேற்றப்பட்டவர்கள் எல்லோரும் எதையாவது விற்க விடியற்காலையில் பஸ் பிடித்து மயிலாப்பூருக்கு வந்துவிடுகிறவர்கள்.

கீழ் வீட்டு ரோஸி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். “எங்கடி கீது விரிசல்? எனக்குத்தான் கண்ணு தெரியலியா?”

“எனக்கும்தான் தெரியல. வா, எவன் கண்ணுக்குத் தெரிஞ்சுதோ அவனையே கேப்போம்” என்றாள் ஜோதிலட்சுமி.

அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் செந்தில்குமார் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படத்தில் விரிசல்களை எண்ணிக்கொண்டிருந்தார். படத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஒரே இடைவெளியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடின. ஜோதிலட்சுமி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“சார், இந்தக் கோடு வானத்துலயும் போவுதே?”

“வானம் எங்க வரம்புக்குள்ள வராதும்மா.”

“பக்கத்துல தென்ன மரத்துலயும் கீது.”

“மரம் தோட்டக்கலை. நாங்க கட்டடம் மட்டும்தான் பார்க்கறோம்.”

இதற்குள் ரகுபதியே அறையிலிருந்து வந்துவிட்டார். நல்ல மனிதர், யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார், ஆனால் அலுவலகத்தில் நாற்காலி குறைவு.

“நீங்களே ஒரு தபா வந்து சுவத்தத் தட்டிப் பாத்துடுங்க சார்” என்றாள் ஜோதிலட்சுமி.

“ஆபத்தான கட்டடத்துக்குள்ள அலுவலர் யாரும் போகக்கூடாதுன்னு விதி இருக்கேம்மா.”

“ஆபத்தா இல்லியான்னு பாக்கத்தான சார் கூப்புடறேன்.”

“ஆபத்து இல்லேன்னு தெரிஞ்சா தாராளமா வருவேன். அது படத்துல தெரியணும்.”

இருந்தாலும் நியாயம் என்று ஒன்று உண்டல்லவா. மறு ஆய்வுக்கு ரகுபதி உத்தரவிட்டார். மறு ஆய்வு என்றால் அதே படத்தை மறுபடி பிரிண்ட் எடுப்பது. கோடு விழுந்தால் ‘ஹெட் கிளீனிங்’ பொத்தானை அழுத்தவும் என்று பிரிண்டரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. செந்தில்குமார் கடமை தவறாதவர், அழுத்தினார். பிரிண்டர் முனகியது, இருமியது, உள்ளே எதையோ குடித்தது. வெளியே வந்த படத்தில் கோடுகள் கூடியிருந்தன.

“சார், காலைல இருந்ததைவிட விரிசல் அதிகமாயிருக்கு” என்றார் செந்தில்குமார்.

“இவ்வளவு வேகமாவா?” ரகுபதியின் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. “இன்னொரு தரம் எடுங்க.”

இன்னொரு தரம் சுத்தம் செய்ததில் இருந்த கறுப்பு மையும் சுத்தமாகிவிட்டது. இந்த முறை படத்தின் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை.

“நீங்க எந்த மாடிம்மா?”

“மூணாவது.”

“அது போயிடுச்சு” என்றார் செந்தில்குமார் வருத்தத்தோடு.

கறுப்பு தீர்ந்ததும் பிரிண்டர் தன்னிடமிருந்த நீலம், சிவப்பு, மஞ்சளையெல்லாம் கலந்து தானாகவே ஒரு கறுப்பைச் சமைக்கத் தொடங்கியது. டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்தால் கட்டடம் செம்பட்டையாகத் தெரிந்தது. ‘காரை உதிர்ந்து செங்கல் வெளியே தெரிகிறது’ என்று கோப்பில் ஏறியது. ரோஸி படத்தைப் பிடுங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தாள். வெளிச்சத்தில் அதே படம் பச்சையாகத் தெரிந்தது. ‘பாசி படர்ந்துள்ளது’ என்பதும் சேர்ந்தது.

“அங்க செங்கல்லு, இங்க பாசியா? ரெண்டு அடி நகந்தா நோவு மாறுமா நைனா?” என்று ரோஸி கேட்டாள்.

“ரெண்டுமே இருக்குன்னு அர்த்தம்” என்றார் செந்தில்குமார்.

தாளைப் பின்பக்கமாகத் திருப்பிச் சொருகியிருந்ததால் மை பிடிக்காமல் ஈரமாகவே நின்றது. செந்தில்குமாரின் கட்டைவிரலில் கறை ஒட்டிக்கொண்டது. அவர் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, அஸ்திவாரத்தில் நீர்க்கசிவு இருப்பதாகவும் எழுதிக்கொண்டார். ரகுபதி பேனாவைத் திறந்தார். மறுநாள் காலையிலேயே போலீஸ் பாதுகாப்போடு எல்லோரையும் வெளியேற்ற வேண்டும், தாமதித்தால் உயிர்ச்சேதம் என்றார்.

ஜோதிலட்சுமிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவள் இரண்டையும் விழுங்கிக்கொண்டு குரலைக் குழைத்தாள். சாயங்கால வியாபாரத்தில் பழகிய குரல் அது.

“ஆவட்டும் சார். ஒண்ணு மட்டும் கேக்கறேன். இம்மாம் நல்லா போட்டோ புடிக்கிறீங்க, உங்க படம் ஒண்ணுகூட ஆபீஸ்ல இல்லியே. இந்த மிஷின்ல போட்டா எப்டி வருமோ.”

ரகுபதியிடம் அப்படி ஒரு படம் இருந்தது. தாடையில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிற படம். அந்த வகுப்புக்குப் போன எல்லோரிடமும் அப்படி ஒரு படம் உண்டு. பேனாவை மூடிவிட்டு, கூச்சத்தோடு அதைச் செந்தில்குமாருக்கு அனுப்பினார்.

பிரிண்டர் வஞ்சனை இல்லாதது. கட்டடத்துக்குச் செய்ததையே அவருக்கும் செய்தது. நெற்றி முழுக்கக் கோடுகள். மூக்குக்கும் தாடைக்கும் நடுவே வெள்ளைப் பட்டை, அதில் வாய் போய்விட்டது. செந்தில்குமார் பழக்க தோஷத்தில் பூதக்கண்ணாடியை எடுத்து, “முகப்பில் கிடைமட்டமாக…” என்று ஆரம்பித்தார்.

“யோவ், அது பிரிண்டர் கோளாறுய்யா” என்றார் ரகுபதி.

“அதத்தான சார் நானும் காலைலேந்து சொல்லிக்கினு கீறேன்” என்றாள் ஜோதிலட்சுமி.

பிரிண்டரில் கோளாறு இருப்பது இவ்வாறு அரசாங்கத்துக்குத் தெரியவந்தது. நோட்டீஸ் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. அச்சுத்தர மேம்பாட்டுக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டு, அது கூடி, முந்திரி சாப்பிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று பரிந்துரைத்தது. தி. நகரிலிருந்து ஒருவர் வந்து மூடியைக் கழற்றினார். மை வரும் துளைகளையெல்லாம் ஆயுத பூஜையன்று பூசிய சந்தனமும் குங்குமமும் அடைத்துக்கொண்டிருந்தன. பூசியவர் செந்தில்குமார்தான், புது மிஷின் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே பூசியிருந்தார். குழுவின் அறிக்கையில் ‘இறையருள் மிகுதியால் ஏற்பட்ட அடைப்பு’ என்று கண்ணியமாகக் குறிக்கப்பட்டது.

அடைப்பு நீங்கி, கறுப்பு மை புதிதாகப் போட்டு, தாளை நேராகச் சொருகியதும், டி பிளாக் மறுபடியும் வெளியே வந்தது. இந்த முறை கோடு இல்லை, பாசி இல்லை. மாடிப்படியின் நிழல் அடர்கறுப்பாக விழுந்திருந்தது. கொடியில் காய்ந்த வேட்டியின் மடிப்புகள்கூடத் தெரிந்தன. ரோஸி வாயைப் பிளந்தாள். “கால்வா கூட வெள்ளித் தட்டு கணக்கா கீதுடி.”

ஜோதிலட்சுமிக்கு நிஜமாகவே கண் கலங்கியது. மூன்றாவது மாடி இருந்தது. ஜன்னலில் அவள் காயவைத்த மிளகாய் முறம்கூட இருந்தது. அன்று சாயங்காலம் அலுவலகம் முழுவதற்கும் அவளுடைய வாழைக்காய் பஜ்ஜி போனது.

கோப்பை முடிக்க ஒரு மனு மட்டும் வேண்டும் என்றார் ரகுபதி. அவர் சொன்னபடியே குடியிருப்பவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ‘எங்கள் கட்டடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதன் அழகு இந்தப் படத்தில் உள்ளபடியே உள்ளது.’ ஜோதிலட்சுமி முதல் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் போட்டார்கள். போட்ட கையோடு அந்தப் படத்தைச் செல்போனில் ஸ்டேட்டஸாகவும் வைத்தார்கள். ரோஸியின் தம்பி அதன் கீழே ‘எங்க ஏரியா கெத்து’ என்று எழுதினான்.

படம் ஊரெல்லாம் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். சுவரைத் தடவி, “என்ன டெக்ஸ்சர்” என்றார்கள். ரோஸ் கலர் மட்டும் அவர்களுக்கு உறுத்தியது. பிறகு ஒரு காப்பிக் கடைக்காரர் வந்தார். அவர் கடைகளில் காப்பி, சுவர், பரிமாறுகிறவர்களின் சட்டை எல்லாமே கறுப்பு வெள்ளை. அவர் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை, நேராக அபிராமபுரத்துக்குப் போய் ரகுபதியைப் பார்த்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் சுவரில் மறுபடியும் நோட்டீஸ். டி பிளாக் பாதுகாக்கப்பட வேண்டிய அழகியல் கட்டடமாக அறிவிக்கப்பட்டிருந்தது. துணி காயப்போடுதல், எண்ணெய் காய்ச்சுதல், மீன் கழுவுதல் போன்ற செயல்களால் அதற்குச் சேதம் ஏற்படும் என்பதால் குடியிருப்போர் மாற்றுக் குடியிருப்புக்கு அனுப்பப்படுவார்கள். அதே மாற்றுக் குடியிருப்புதான்.

ஜோதிலட்சுமி ஓடினாள். “அன்னிக்குக் கட்டடத்தால எங்களுக்கு ஆபத்துன்னீங்களே சார்.”

“ஆமா. இப்ப உங்களால கட்டடத்துக்கு ஆபத்து.”

“யாரு சார் சொன்னது, அது அவ்ளோ ஒசந்த கட்டடம்னு?”

ரகுபதி மனுவை எடுத்து மேசைமேல் வைத்தார். “நீங்கதாம்மா. முதல் கையெழுத்தே உங்களது.”

கிளம்பும் நாளன்று மினி லாரிகள் வந்து நின்றன. ரகுபதியும் கேமராவோடு வந்தார். இந்த மக்களின் கடைசி நாளைப் பதிவு செய்வது தன் கடமை என்று சொன்னார், சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பாத்திரமும் பாயும் பின்னால் தெரிய எல்லோரையும் படிக்கட்டில் நிற்க வைத்தார். “கலர் புடவையா இருந்தா பரவாயில்லை, தெரியாது. யாரும் சிரிக்காதீங்க, சிரிச்சா படம் கெட்டுடும்.”

“நல்லா வருமா சார்?” என்று கேட்டாள் ரோஸி.

“இப்ப பிரிண்டர் சூப்பரா இருக்கும்மா.”

ஜோதிலட்சுமி காறித் துப்பத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கேமரா தன் பக்கம் திரும்பியதும் கை தானாகவே போய் முந்தானையைச் சரிசெய்தது. அவள் சிரிக்கவில்லை. படத்தில் அவள் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் துல்லியமாக விழுந்திருக்கிறது. இப்போது அது டி பிளாக்கில் திறந்திருக்கிற அந்தக் காப்பிக் கடையில், மூன்றாவது மாடியில், ஜன்னலோர மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறது. நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். ஒரு லைக் போட்டு, ‘என்ன ஒரு முகம்’ என்று கீழே எழுதிவிட்டு, அடுத்த படத்துக்குப் போயிருப்பீர்கள்.