உறவில்லை என்று ஒரு வரி

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் பெரியம்மாவின் இரத்த அழுத்தமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு ஏறியிருக்கிறது. அதற்குக் காரணம் நீங்கள்.

நான் உங்களிடம் கேட்டது ஒரே ஒரு வரி. 'இன்னாருக்கும் இன்னாருக்கும் எந்த உறவும் இல்லை' என்று எழுதி, வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றேன். அப்பாவைக் கேட்டிருந்தால் எங்கே போடவேண்டும் என்று மட்டும் கேட்டுப் போட்டிருப்பார். மூத்தவர் கையெழுத்துதான் எடுபடும் என்று அம்மா சொன்னதைக் கேட்டு மோசம் போனேன்.

படிக்க வந்த நான் வாரத்துக்கு இருபது மணி நேரம் ஒரு சலவைக் கடையில் வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். கோட்டுகளுக்கு நம்பர் குத்துவேன், ஆவி இஸ்திரியில் காலர் அழுத்துவேன். வலது கையில் மூன்று தழும்பு இருக்கிறது. இந்த இரண்டு வருட வேலைக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான மனுவில் பதினைந்து மதிப்பெண். அது இல்லாவிட்டால் மனு விழுந்துவிடும், இன்னும் மூன்று மாதத்தில் விசா முடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மனுவைச் சரிபார்க்க அதிகாரி கடைக்குப் போன் செய்தார். கடைக்காரர் நம்மவர், இங்கேயே நிரந்தரமாகக் குடியேறிவிட்டவர், நல்ல மனசு, அதுதான் வினை. 'இந்தப் பெண் உங்களிடம் வேலை செய்கிறாரா' என்று கேட்டதற்கு, ஆமாம் என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டியதுதானே. அந்த மனிதர், "வேலைக்காரின்னு யாருங்க சொன்னா, அவ எங்க வீட்டுப் பொண்ணு" என்று இந்த நாட்டு மொழியில் பிழையில்லாமல் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் இப்படிச் சொன்னால் சம்பளம் ஏறாது என்று மட்டும்தான் அர்த்தம். இங்கே அதை எழுதி வைத்துக்கொண்டார்கள். உறவினர் கடையில் பார்த்த வேலை கணக்கில் வராது, உறவில்லை என்றால் முப்பது நாளில் நிரூபிக்கவும் என்று கடிதம் வந்தது. இல்லாத உறவுக்கு எங்கே போய் ஆதாரம் தேடுவது? அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? "விசாரிக்காம நான் கையெழுத்துப் போட்டதே இல்ல" என்று சொல்லி, என்னிடமே நம்பர் வாங்கி, அந்த மனிதருக்கே போன் போட்டீர்கள். அம்மா பிறந்த வீடு எது, அத்தையை எங்கே கொடுத்தது என்று முக்கால் மணி நேரம் துருவி, அவர் உங்கள் தாய்மாமன் மனைவியின் அக்கா மகன் என்று கண்டுபிடித்தீர்கள். ஆக உங்களுக்கு மச்சான், எனக்கு மாமா. நான் ஒரு வரி கேட்டால் நாலு பக்கத்துக்கு வம்சாவளி வருகிறது, அதில் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. ஓரத்தில் 'உன் அதிர்ஷ்டம்' என்று எழுதியிருக்கிறீர்கள். படித்த கையோடு கிழித்துப் போட்டேன்.

அந்த மனிதர் சந்தோஷத்தில் கடையையே இரண்டாக்கிவிட்டார். நான் உள்ளே நுழைந்ததும், "வாம்மா மருமகளே, இத்தனை நாளா தெரியாமப் போச்சே" என்று கண் கலங்கினார். பேண்ட் வாங்க வந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் உறவு முறை விளக்கப்படுகிறது. வேலைக்காரியிடம் கேட்கக் கூடாததெல்லாம் மருமகளிடம் கேட்கலாமாம். பஸ் ஸ்டாப்பில் யாரோடு பேசினாய், ஏன் இளைத்துவிட்டாய், தலையை ஏன் விரித்துப் போட்டிருக்கிறாய். இதெல்லாம் போகட்டும். போன வாரம் என்னைக் கேட்காமலே குடியேற்ற அலுவலகத்துக்குக் கடிதம் போட்டுவிட்டார். 'முன்பு பேச்சுக்குச் சொன்னேன், இப்போது விசாரித்ததில் நிஜமாகவே உறவு, தங்கள் கூர்மைக்கு நன்றி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கிறார்.

இரண்டு வருடம் ஆவியில் வெந்தது வீண், பெரியப்பா. அழுகையும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனால் வீட்டில் இல்லாத உறவெல்லாம், இப்போது மட்டும் எங்கிருந்து முளைக்கிறது? இனிமேல் என் விஷயத்தில் நீங்கள் யாரையும் விசாரிக்க வேண்டாம்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். அண்ணனுக்கும் அண்ணிக்கும் அன்பு. உங்களையும் விழுந்து கும்பிடுகிறேன், கோபம் தீர்ந்த பிறகு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது குடியேற்ற அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வேலைக்கான பதினைந்து போனது போனதுதானாம். ஆனால் இந்த நாட்டில் நிரந்தரமாக வாழும் உறவினர் ஒருவர் பொறுப்பேற்றால் இருபது உண்டாம். ஆதாரம் மட்டும் வேண்டுமாம். அந்த நாலு பக்கத்தையும் ஓர் எழுத்து குறையாமல் மறுபடி எழுதி, வக்கீல் முத்திரையோடு உடனே அனுப்புங்கள். சிவப்பு அடிக்கோடு அப்படியே இருக்கட்டும். மேலே 'அந்த மனிதர்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'மாமா' என்று திருத்திப் படிக்கவும்.