அடங்காத ஆக்சிஜனும் அடங்கிய நானும்

இந்த ஜென்மத்தில் இனி நடப்பதில்லை என்று முடிவு செய்தேன். அதாவது, நடைப்பயிற்சி. சாப்பாட்டு மேஜை வரை நடப்பேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். யார் எழுதியதையும் சட்டென்று நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட நானே ஒரு கட்டுரையை நம்பினேன். நாம் இழுக்கும் ஆக்சிஜனில் கொஞ்சம், செல்லுக்குள் போனதும் குணம் மாறி, கண்ட இடத்தையும் கடித்து வைக்கிறதாம். உடற்பயிற்சி செய்தால் அந்த அடங்காத ஆக்சிஜன் இன்னும் அதிகமாகப் பிறக்கிறதாம். ஆறு மாதமாக நடக்கச் சொல்லி என் உயிரை வாங்கும் மனைவியிடம் அதை நீட்டினேன். அவள் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க செல்களைப் பார்க்கிறவள்.

“பாதியைத்தான் படிச்சிருக்கீங்க.”

“மீதி என்னவாம்?”

“நடக்கும்போது கொஞ்சம் வரும். அது செல்லுக்கு எச்சரிக்கை மணி மாதிரி. உடனே மாற்று மருந்தைத் தானே தயார் பண்ணிக்கும். சும்மா உக்காந்து தின்னா மணியே அடிக்காது. உள்ளுக்குள்ளே புகைஞ்சுக்கிட்டே இருக்கும்.”

“ஆதாரம்?”

“எங்க லேப்ல ஒரு சாயம் இருக்கு. அந்த ஆக்சிஜன் இருக்கற செல் பச்சையா மின்னும். உங்களையும் எதிர் வீட்டுத் தையற்காரரையும் பார்த்துடலாமா?”

தையற்காரர் தினம் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். என் குடும்ப நிம்மதிக்கு முதல் எதிரி.

இவ்வளவு சுலபத்தில் அவள் பந்தயத்துக்கு வந்தது எனக்கு உறுத்தியது. தையற்காரரையும் கூப்பிட்டு, எங்கள் இருவர் கன்னத்தின் உட்புறத்தையும் பஞ்சுக் குச்சியால் சுரண்டினாள். இரண்டு குழாயில் போட்டு, பெயர் எழுதிய சீட்டுகளை ஒட்டி, ஃபிரிட்ஜில் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். ஃபிரிட்ஜில் கண்ணெதிரே இருக்கும் வெண்ணெயையே “காணோமே” என்று கூவி அவளைக் கூப்பிடுகிறவன் நான். குழாய்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

யோசித்தேன். சாயம் ஊற்றுவது அவள், பார்ப்பது அவள், தீர்ப்பும் அவளே. எப்படியும் “உங்க செல் மோசம்” என்று வந்து நிற்பாள். நிற்கட்டும். ‘நீ மோசம் என்றது தையற்காரர் செல்லை’ என்று மடக்கிவிடலாம். சீட்டுகளை மாற்றி ஒட்டினேன்.

சாயங்காலம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தாள். முகத்தில் தோல்விக் களை.

“நீங்க சொன்னதுதாங்க சரி. உங்க செல் அவ்வளவு சுத்தம். மின்னவே இல்லை. தையற்காரருக்குத்தான் பச்சைப் பசேல்னு இருக்கு. நடக்கறேன்னு சொல்லிட்டு டீக்கடையில உக்காந்திருக்காரோ என்னவோ.”

சீட்டை மாற்றியவன் நானாயிற்றே. பச்சைப் பசேல் நான்தான். இவள் நேர்மையாக இருப்பாள் என்று யார் கண்டது?

“அவருக்கு... இது சரியாகுமா?”

“தினம் ஒரு மணி நேரம் நடந்து, இனிப்பைக் குறைச்சா ஆகும். நமக்கென்ன? நீங்க ஹாயா உக்காருங்க.”

மறுநாள் காலை பேப்பர் வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன். எங்கள் வீட்டுப் பேப்பர் தினமும் வாசலிலேயே வந்து விழும். அவள் எதுவும் கேட்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். உயிர்ப் பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. ஒரு மாதம் நடந்தேன். சர்க்கரை இல்லாத காப்பியை மருந்து மாதிரி விழுங்கினேன். தொளதொளத்த பேண்ட்டைத் தையற்காரரே பிடித்துக் கொடுத்தார்.

அதற்கு மேல் தாங்கவில்லை.

“இன்னொரு தடவை என் செல்லைப் பார்த்துடேன்.”

“எதுக்கு? உங்களுதுதான் சுத்தமாச்சே.”

“சீட்டை மாத்தி ஒட்டினது நான்தான்.”

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“தெரியும். நீங்க மாத்தாம இருந்திருந்தாத்தான் அதிசயம். அதான் நானும் மாத்திச் சொன்னேன்.”

“அப்போ நிஜமா டெஸ்ட்ல என்னதான் வந்தது?”

“எந்த டெஸ்ட்? ரெண்டு குழாயும் ஃபிரிட்ஜ்லயேதான் இருக்கு. எலுமிச்சம்பழத்துக்குப் பின்னாடி.”

பாய்ந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். குடைந்து குடைந்து தேடினேன்.

“காணோமே” என்று அவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.