இலங்கைக்கும் எனக்கும் நடந்த வாசிப்புப் போட்டி

படிக்காதவர்களால் ஊருக்கு வந்த தொல்லையைவிட நாலு எழுத்து படித்தவர்களால் வந்த தொல்லைதான் அதிகம். யாரையோ குத்திக்காட்ட இதை எழுதவில்லை. பதினைந்து வயதில் அந்தத் தொல்லை நானேதான்.

சுனாமி அலை வந்து எங்கள் கச்சால் தீவை அடித்துப் போட்டதில் எங்கள் வீடும் போனது, அம்மாவும் போனாள். அப்பாவும் நானும் போர்ட் பிளேரில் ஒரு தகரக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தோம். வெயிலடித்தால் உள்ளே இருக்க முடியாது. மழை பெய்தால் பேசுவது கேட்காது. அங்கே எல்லோருக்கும் நிவாரண ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. எத்தனை ஆடு, எத்தனை தகரம், செத்தவர் பெயர், காணாமல் போனவர் பெயர். காதில் பேனா, கையில் கார்பன் தாள். என்னைவிட நாற்பது வயது மூத்தவர்களைக்கூட, "அப்பிடி ஒக்காருங்க, கூப்புடுறேன்" என்பேன். (ஓங்கி ஒரு அறை விட்டிருக்க வேண்டும். ஃபாரம் நின்றுபோகுமே என்ற பயத்தில் யாரும் விடவில்லை.)

அப்பா சின்ன வயதில் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வீட்டாரோடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, கச்சாலில் குடியமர்த்தப்பட்டவர். பெரியப்பா மட்டும் வரமாட்டேன் என்று அங்கேயே தேயிலைத் தோட்டத்தில் நின்றுவிட்டார். "அன்னைக்கு நீயும் இங்கயே நின்னிருந்தா..." என்று பெரியப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அலைக்குப் பிறகு வந்த ஒவ்வொரு போனிலும் அப்பாவின் காதில் அதுதான் விழுந்தது. இந்தியாவுக்கு வந்ததில் உருப்படியாக ஒன்றாவது கிடைத்தது என்று அண்ணனுக்குக் காட்ட, அவரிடம் மிச்சமிருந்தது என் படிப்பு மட்டும்தான்.

பெரியப்பா மகள் சுதாவுக்கும் என் வயதுதான். (ஆறு மாதம் மூத்தவளாம், அக்கா என்று கூப்பிட வேண்டுமாம். கூப்பிடவில்லை.) சுதாவின் தமிழ் டீச்சர் கேட்கும் கேள்விகளுக்குப் பெரியவர்களாலேயே பதில் சொல்ல முடியாது என்று ஒருநாள் பெரியப்பா போனில் பெருமையடித்தார். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்தக் கேள்விய இங்க அனுப்புங்கண்ணே. நம்ம செல்வி பிச்சி ஒதறிரும்."

ஒரே கேள்விக்கு இரண்டு நாட்டிலும் இரண்டு பிள்ளைகள் பதில் எழுதுவது, பெயரை மறைத்து டீச்சரிடம் கொடுத்துத் திருத்துவது என்று ஏற்பாடாயிற்று.

தபால் கடல் தாண்டி வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஞாயிற்றுக்கிழமை அப்பா அக்கம்பக்கத்துக் கொட்டகைகளிலிருந்து ஒரு கூட்டத்தையே கூட்டிவிட்டார். நான் எழுந்து நின்று சத்தமாக வாசித்தேன். புயலுக்குப் பிறகு ஒரு பெண் தன் தங்கைக்கு எழுதிய கடிதம் அது. ஆடு இரண்டும் போயிற்று. கூரை போயிற்று. உரல் எங்கே உருண்டதோ தெரியவில்லை. சிவப்புக் கோழி மட்டும் மரத்தில் ஏறித் தப்பித்தது. உன் அத்தானும் போய்விட்டார். அவ்வளவுதான் கடிதம். கணவன் இறந்ததை அவள் ஏன் கடைசியில் ஒரே வரியில் எழுதுகிறாள் என்பது கேள்வி.

எனக்குச் சிரிப்பு வந்தது. இலங்கையே திணறும் கேள்வி இதுதானா?

அப்பா மெதுவாக, "இன்னொருக்கா படிச்சிப் பாரும்மா" என்றார்.

"தேவையில்லப்பா."

மூன்று பக்கம் எழுதினேன். இந்தப் பெண்ணுக்கு முறையாக எழுதத் தெரியவில்லை. உயிரிழப்பு முதல் கட்டத்தில் வர வேண்டும், கால்நடை அதற்கு அடுத்தது. தப்பித்த கோழியைக் குறிப்பிடவே கூடாது. குறிப்பிட்டால் மற்ற இழப்புகளின் மீதும் ஆபீசருக்குச் சந்தேகம் வரும். ஆடுகளின் வயது இல்லை. கணவரின் உடல் கிடைத்ததா என்ற விவரம் இல்லை. இரண்டு சாட்சிகள் அவசியம். இத்தனையும் சொல்லிவிட்டு, பாவம் என்று அவள் கடிதத்தையே திருத்தி, மேலே "பொருள்" போட்டு மனுவாக எழுதிக் கொடுத்தேன்.

வாசித்து முடித்ததும் ஒரே கைதட்டல்.

"பில்குல் சரி!" என்றார் பக்கத்துக் கொட்டகை ராசம்மா அத்தை. "மனுசந்தான் மொதல்ல. அத மாத்தி எழுதித்தான எம் ஃபாரம் வாபஸ் வந்துச்சி." சாட்சிக்கென்று நான் விட்டிருந்த இடத்தில், உணர்ச்சிவசப்பட்டுக் கைநாட்டும் வைத்துவிட்டார். (பெயர் மறைத்து நடத்திய போட்டி.)

தாளைத் தபாலில் அனுப்பி இரண்டு மாதம் கழித்து, பக்கத்து ஷாதிபூரில் ஒரு டெலிபோன் பூத்தில் முடிவு தெரிந்தது. அப்பா ரிசீவரைப் பிடித்திருக்க, நான் மறுபக்கம் காதை ஒட்டிக்கொண்டேன். பெரியப்பா பெருமையடிக்கவே இல்லை. போனைச் சுதாவிடம் கொடுத்தார். தான் எழுதியதை அவள் வாசித்தாள்.

"அவளால் அதை முதலில் சொல்ல முடியவில்லை. ஆட்டையும் உரலையும் கோழியையும் சொல்லிச் சொல்லித்தான் அந்த இடத்துக்கு வருகிறாள். வந்தபிறகு எழுத ஒன்றுமில்லை, கடிதம் முடிந்துவிடுகிறது."

அப்பா ரிசீவரை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டார். பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

"எனக்கு எவ்வளவு மார்க்குன்னு கேளுங்கப்பா" என்று நான் அவர் சட்டையை இழுத்தேன்.

அதைச் சுதாவே சொன்னாள். டீச்சர் என் தாளில் மார்க் எதுவும் போடவில்லையாம். இந்தப் பிள்ளையை யாராவது கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தாராம்.

"அண்ணே, ஒங்க புள்ள ஜெயிச்சிருச்சி" என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்தார். இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த பதில் கிடைத்துவிட்டது போல இருந்தது அவர் முகம். நடந்தே திரும்பினோம். எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தின் நடுவில்தான், எங்களுடைய சொந்த ஃபாரத்தை நிரப்பிய நாள் ஞாபகம் வந்தது.

அன்று அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கோழி ஆறு. ரேடியோ ஒன்று. தகரம் பன்னிரண்டு. இரும்புக்கட்டில். பிறகு மறுபடியும் கோழியில் ஆரம்பித்தார். நான் பேனாவை மூடிவிட்டு, "அப்பா, அதெல்லாம் மூணாவது கட்டம். மொதல்ல அம்மாவச் சொல்லுங்க" என்றேன். அதட்டித்தான் சொன்னேன். அவர், "நீயே எழுதிக்கம்மா" என்று எழுந்து வெளியே போய்விட்டார். நான் பெயர், வயது, உறவு எல்லாம் அழகான கையெழுத்தில் நிரப்பினேன். கணக்குத் தெரியாத மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது வயதுக்குள் மூக்குக்கண்ணாடி போட்டும் எனக்குக் கண் தெரியாது என்று எங்கள் குடும்பத்தில் இன்றும் கிண்டல் நடக்கிறது. சுதா (இப்போது அக்காதான்) போன் செய்தால், "கோழியிலேருந்து ஆரம்பிக்கட்டுமா, மொதல் கட்டத்துக்கே வரட்டுமா?" என்றுதான் தொடங்குவாள். கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்வது அப்பா. ராசம்மா அத்தையின் கைநாட்டையும் டீச்சர் எழுதிய வரியையும் நடித்தே காட்டுவார், பந்தியே சிரிக்கும். டெலிபோன் பூத்தோடு கதையை முடித்துவிடுவார். எங்கள் ஃபாரத்தைப் பற்றி இன்றுவரை யாரிடமும் அவர் சொன்னதில்லை.