வாய்க்காலுக்கு ஓய்வு

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தண்ணீர்க் கவலை இல்லை என்று ஊர் உலகமெல்லாம் நம்புகிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த மலையிலிருந்தே இறங்கி வருகிற ஒரு சின்ன வாய்க்காலை நம்பி, இலத்தூர்ப் பக்கம் மூசா ஒரு வயல் வைத்திருந்தார். வந்தவன் போனவன் தலையில் எல்லாம் கொட்டுகிற மலை, மூசாவின் வயலுக்கு மட்டும் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் இயற்கை அல்ல, ஆன்மிகம்.

மூசா சவூதியில், தம்மாமில் வெகுகாலம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். ஊருக்குத் திரும்பி, வயலை வாங்கி, இனி விமானம் ஏறமாட்டேன் என்று மனைவி ராபியாவிடமும் மகள் சமீனாவிடமும் வாக்குக் கொடுத்திருந்தார். வாப்பாவை போன் திரையிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளை சமீனா. வாக்குக் கொடுத்த அன்றைக்கே அவருடைய வெளிநாட்டுப் பெட்டியைத் திறந்து, அதில் வெங்காயத்தைக் கொட்டி வைத்துவிட்டாள்.

அந்த வாக்குக்குக் குறுக்கே வந்து உட்கார்ந்தது ‘நில்’ வாழ்வகம். அதை நிறுவிய கௌரிசங்கர், பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஆட்களை விரட்டி வேலை வாங்கும் பதவியில் இருந்தவர். ஒருநாள் அவர் ஏறிய லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனதாம். மெக்கானிக் வருவதற்குள் ஞானம் வந்துவிட்டதாம். மனிதன் படுகிற பாட்டுக்கெல்லாம் காரணம் நகர்வதுதான் என்று கண்டுகொண்டு, வேலையை விட்டார், தாடியை விட்டார் வளர. பட்டம், பதவி, சாமியார் என்கிற மரியாதை அத்தனையையும் துறந்து, “என்னை வெறும் சங்கர் என்று கூப்பிட்டால் போதும்” என்று அருளினார். அன்று முதல் அவர் திருநாமம் வெறும் சங்கர். தெரியாத்தனமாக யாராவது ‘சங்கர்’ என்று மட்டும் கூப்பிட்டால் சீடர்கள் முறைப்பார்கள்.

வாழ்வகத்தில் கடிகாரம் கிடையாது, செருப்பு கிடையாது, விதி என்று எதுவுமே கிடையாது. இதில் ஒன்றை மீறினாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். புதிதாக வாங்கும்போதே பழசாகத் தெரிகிற துணியைச் சீடர்கள் நல்ல விலை கொடுத்து உடுத்தினார்கள். பழைய சோற்றுக்கு ‘நேற்றின் அன்னம்’ என்று பெயர் வைத்து, மண்கலயத்தில் ஊற்றி, படம் எடுத்த பிறகு சாப்பிட்டார்கள்.

இதெல்லாம் மூசாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வாழ்வகத்துக்குள் ஓடிய வாய்க்காலுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி, அதைத் தியானக் குளமாக்கியதுதான் தொந்தரவு. மூசாவின் வயலுக்கு மேல்வயல்காரி முப்பிடாதியம்மாள். இருவரும் சேர்ந்து நியாயம் கேட்கப் போனார்கள்.

“சாமி, வயலுக்குத் தண்ணி வரல” என்றார் மூசா.

“சாமின்னு சொல்லாதீங்க. வெறும் சங்கர்” என்று திருத்தினாள் அபர்ணா என்கிற சீடப்பெண்.

“சரிம்மா. வெறும் சங்கரு, தண்ணி வரல.”

வெறும் சங்கர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குள் பார்த்தார். “மூசா, இந்தத் தண்ணீர் எத்தனை காலமா ஓடுது! களைச்சுப்போச்சான்னு ஒருதடவையாவது அதைக் கேட்டிருக்கீங்களா?”

மூசா கேட்டதில்லை. கேட்டிருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் வெட்கமாகக்கூட இருந்தது. பாதி வழி திரும்பி நடந்த பிறகுதான் கோபம் வந்தது. அந்த மனிதரின் பார்வை அப்படி.

“எலே மூசா, நாம எதுக்குலே அவரக் கும்பிட்டுட்டு வந்தோம்?” என்றாள் முப்பிடாதியம்மாள்.

“அதான் எனக்கும் புரியல, அக்கா.”

குடிமக்களின் இத்தகைய இன்னல்களைக் களைவதற்கென்றே தென்காசியில் ஒரு அல்வாக் கடையின் மாடியில் ‘நீர்வழித் தடை நீக்கத் தனிப் பிரிவு’ இயங்கி வந்தது. இயங்கி வந்தது என்று பலகையில்தான் எழுதியிருந்தது. அதன் தனி அலுவலர் செந்தில்வேல் மனுவை வாங்கினார், அடுக்கின் மேல் வைத்தார், “பாப்போம், அடுத்த வாரம் வாங்க” என்றார். அடுத்த வாரம் போனார்கள். அதற்கடுத்த வாரமும் போனார்கள். இப்படியே மூன்று சாரல் வந்து போனது. வெளியே கிடந்த பெஞ்சில் ஆளுக்கொரு இடம் நிலையாகிவிட்டது. அவள் முறுக்கு கொண்டுவருவாள், இவர் பேரீச்சம்பழம் கொண்டுவருவார். கீழேயிருந்து நெய் வாசம் இலவசமாக வரும்.

இந்த வருஷம் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் கெஞ்சிக் கேட்டு மூசா நாற்றை மட்டும் வளர்த்துவிட்டார். நடவுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்தாக வேண்டும். இந்தத் தடவையும் தவறினால் தம்மாம்தான் என்று ராபியா சொல்லவில்லை. வெங்காயப் பெட்டியைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இந்நிலையில் மனு என்னாயிற்று என்று மேலிடத்துக் கடிதம் ஒன்று வர, செந்தில்வேல் நேரில் போய்ப் பார்க்கும் சிரமத்தைத் தவிர்த்து, வெறும் சங்கரை விசாரணைக்கு அழைத்தார். அவரும் சீடர் கூட்டத்தோடு வந்தார். மூசாவும் முப்பிடாதியம்மாளும் கதவோரம் நின்று கேட்டார்கள்.

வெறும் சங்கர் மனு அடுக்குகளை ஒருமுறை பார்த்தார். “இந்த மனு எவ்வளவு காலமா இங்கே இருக்கு?”

“மூணு வருஷமா பரிசீலனையில இருக்கு.”

“பரிசீலனைன்னா என்ன செய்வீங்க?”

“அது பாட்டுக்கு இருக்கும்.”

“நீங்க?”

“நானும் இருப்பேன்.”

அந்த நேரம் பார்த்து ஒரு ஈ வந்து செந்தில்வேலின் மூக்கில் உட்கார்ந்தது. அவர் அதை விரட்டவில்லை. வெறும் சங்கரின் கண் கலங்கிவிட்டது. “எத்தனையோ பயிற்சி பண்ணியும் ஈ உட்கார்ந்தா என் கை தன்னால எழும்புது. இவர் கையப் பாருங்க! இத்தனை பேர் வெளியே தவிக்கிறாங்க, உள்ளே ஒரு சலனம் உண்டா?” என்று சீடர்களைக் கேட்டு, மேஜைக்கு முன்னால் தடாலென்று விழுந்து வணங்கினார்.

விசாரணை அத்துடன் இனிதே நிறைவடைந்தது. மறுநாள் முதல் சீடர்கள் பாயும் தண்ணீர்ப் பாட்டிலுமாக அலுவலகத்துக்கு வந்து, செந்தில்வேல் எதையும் செய்யாமல் இருப்பதைப் பார்த்துப் பழகினார்கள். விஷயம் பரவியது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் காலையில் அருவி, மதியம் புரோட்டா, சாயங்காலம் அலுவலகம் என்று திட்டம் போட்டு வந்தார்கள். மூசாவும் முப்பிடாதியம்மாளும் தங்கள் பெஞ்சைக் காப்பாற்றிக்கொள்ள விடியற்காலையிலேயே வர வேண்டியதாயிற்று.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் செந்தில்வேலை வாசுதேவநல்லூருக்கு மாற்றி உத்தரவு வந்தது. அவர் எழுந்தார். எழுந்தவர் ஓடினார். படியில் இரண்டிரண்டாகத் தாவி, யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு, பார்க்க வேண்டியவர்களைப் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்குள் உத்தரவை ரத்து செய்துகொண்டு வந்துவிட்டார். பாயில் இருந்தவர்கள் விக்கித்துப் போனார்கள். “இவ்வளவு வேகத்தை உள்ளே வச்சுக்கிட்டா இத்தனை நாள் உட்கார்ந்திருந்தார்!” என்று அபர்ணா தேம்பினாள்.

வெறும் சங்கர் மனம் உடைந்து வெளியே வந்தார். பெஞ்சில் முப்பிடாதியம்மாள் சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அரை முறுக்கோடு உட்கார்ந்திருந்தாள். அவர் அப்படியே நின்றுவிட்டார். “உள்ளே இருந்தவருக்கு ஃபேன் இருந்தது, சம்பளம் இருந்தது. இந்தத் தாய்க்கு என்ன இருந்தது? உண்மையான நிலை இங்கேதான் இருந்திருக்கு!” என்று அவள் காலில் விழுந்தார். சீடர்களும் விழுந்தார்கள். மூசா டீ குடிக்கக் கீழே போயிருந்தார்.

அவர் திரும்பி வரும்போது அவளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லா அதிகாரத்தையும் வெறும் சங்கர் அவளிடம் ஒப்படைத்துவிட்டாராம். தங்க வருகிறவர்களின் முன்பதிவை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டாராம்.

“கவலப்படாதலே மூசா. நான் உள்ள போனதும் மொத வேலையா தண்ணியத் தொறந்து விடுதேன்” என்று அவள் கார் கண்ணாடி வழியாகச் சொன்னாள். மூசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று வீட்டில் பிரியாணி.

அந்த வாரமே அவள் வயலில் தண்ணீர் தளும்பியது. சுவரில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள், அது அவள் வரப்போடு முடிந்துவிட்டது. மூசா வாழ்வகத்துக்கு ஓடினார். முப்பிடாதியம்மாள் பஞ்சு மெத்தையில் இருந்தாள், இரண்டு பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

“வாலே மூசா, சாப்பிட்டியா?”

“தண்ணி, அக்கா. நாத்து மஞ்சளாயிட்டு வருது.”

“ஒரேயடியா தொறந்தா கொளம் வத்திராதா? இந்தப் புள்ளைய எல்லாம் அதப் பாத்துக்கிட்டுத்தான் இருக்குதுவ.” அவள் சற்று யோசித்தாள். “பாப்போம். அடுத்த வாரம் வா.”

குரல் அவளுடையது, ராகம் செந்தில்வேலுடையது. மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. செந்தில்வேல் சொன்னபோதெல்லாம் வராத அழுகை மூசாவுக்கு அப்போது வந்தது.

வீட்டில் ராபியா வெங்காயத்தைத் தரையில் கொட்டிவிட்டு, பெட்டியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சமீனா உதவிக்கு வரவில்லை, அடுப்படிக்குள் போய்விட்டாள். மூசாவால் அங்கே நிற்க முடியவில்லை. வேறு போக்கிடம் தெரியாமல் பழைய பெஞ்சுக்கே வந்து உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில், பழசாகத் தெரிகிற புதுத்துணியில் ஒரு பெண் வந்து எதிரே தரையில் அமர்ந்தாள். நிவேதா என்று சொல்லிக்கொண்டாள். “அந்தத் தாயோடு மூணு வருஷம் உட்கார்ந்திருந்தது நீங்கதானா?”

“ஆமா.”

“டீ குடிக்கப் போனவரா?”

“அது வேற ஆளு” என்றார் மூசா.

கீழப்பாவூர்ப் பக்கம் இரண்டாவது வாழ்வகம் திறக்கப்போவதாகவும், அதற்குத் தகுந்த ஒருவரை வெறும் சங்கர் தேடிக்கொண்டிருப்பதாகவும் அவள் சொன்னாள். மூசா முதுகை நிமிர்த்தி, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். போன் அடித்தது. சமீனா.

“வாப்பா, டிக்கெட் போடவான்னு சித்தப்பா கேக்காவ.”

“வேண்டாம்னு சொல்லு. வெங்காயத்தத் திரும்பப் பெட்டியில கொட்டு. வாப்பாவுக்கு இங்கனயே ஒரு சோலி வரப்போவுது.”

போனை வைக்கும்போது படியேறி வந்தார் சுடலைமாடன். மூசாவின் வயலுக்குக் கீழ்வயல்காரர். தோளில் மம்பட்டி, உடம்பெல்லாம் சாரல்.

“அண்ணாச்சி, உம்ம வயலுக்கு வந்தாத்தான எனக்கு வரும்? மனுவும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். ஊர்ல இருவது பேரு மம்பட்டியோட நிக்காவ. போயி அந்தச் சுவர ஒடச்சா பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு வயலும் நனஞ்சிரும். எந்தியும், நீரு முன்ன நடந்தாப் போதும்.”

நிவேதா போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாரானாள். மூசாவின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அவர் அதை விரட்டவில்லை.

“பாப்போம்லே” என்றார். “அடுத்த வாரம் வா.”

சுடலைமாடன் அவரையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பெஞ்சில் முப்பிடாதியம்மாள் விட்டுப்போன இடம் காலியாக இருந்தது. மம்பட்டியைச் சுவரில் சாத்திவிட்டு அதில் உட்கார்ந்தார்.