பால் பானைக்குள் விழுந்த செய்மதி

விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளத் தெரியாது. உடனே செய்து காட்டியாக வேண்டும். அந்த வியாதி எனக்கு முற்றியிருந்த காலத்தில்தான் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் ஒரு புதுவீடு குடிபுகும் விசேஷத்துக்குப் போனேன்.

அது தர்ஷினியின் வீடு. தர்ஷினி எங்கள் பாடசாலையில் வர்த்தகம் படிப்பிப்பவள். நாங்கள் விரும்புகிற சங்கதி அவள் அப்பாவின் காதுக்கு எட்டி, "மொதல்ல ஆளப் பாப்போம்" என்று அவர் சொன்னதால் எனக்கும் அழைப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு சரியா இல்லையா என்று சொல்லிவிடுவார். (புதுச் சட்டை கசங்கக்கூடாது என்று, பஸ்ஸில் சீட் இருந்தும் பதுளையிலிருந்து நின்றுகொண்டே போனேன்.)

ஆயுள் முழுக்கத் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையில் இருந்த அந்தப் பெரியவருக்கு அது முதல் சொந்த வீடு. சிவப்புக் கலர் பூசிய தரையில் கரி பிடித்துவிடும் என்று வாசலிலேயே அடுப்பு மூட்டச் சொல்லிவிட்டார். பால் பொங்கியதும் கதவைத் திறந்து பானையோடு உள்ளே போவதாக ஏற்பாடு. புதுப் பூட்டு, ஒரே சாவி. அதை என்னிடம் நீட்டி, "நீங்களே தொறங்க தம்பி" என்றார். எனக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து, பசறையிலிருந்து வந்திருந்த தர்ஷினியின் சித்தப்பா வாயைத் திறந்தார். "சூரியன்லேருந்து ஏதோ காந்தப் புயல் வருதுன்னு ரேடியோல சொன்னாங்களே. இன்னைக்குப் பால் காய்ச்சலாமா?"

பெரியவர் முகம் சுருங்கியது. தர்ஷினியின் அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினார்.

"ஒன்னும் ஆகாதுங்க," என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அது நம்ம கூரையத் தூக்குற புயல் இல்ல. சூரியன் கக்குற துகளெல்லாம் வந்து பூமியோட காந்தப் புலத்தக் குலுக்கும். அதுல ரொம்ப மேல இருக்க காத்து சூடாகும். சூடானா, இந்தப் பால் மாதிரி எழும்பும்."

"அதுல யாருக்கு நட்டம்?" என்றார் சித்தப்பா.

"சேட்டிலைட்டுக்கு, அதான் செய்மதிக்கு. அது சுத்துற எடத்துல காத்து பேருக்குத்தான் இருக்கும். கீழ உள்ள காத்து பொங்கி அங்க போனா, சேட்டிலைட் அதுல ஒரசி ஒரசிக் கீழ எறங்கும். ரொம்பத் தாழ்வா சுத்துறது விழுந்து எரிஞ்சே போயிரும்."

சித்தப்பாவுக்கு விளங்கவில்லை. விளங்காத முகத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. சாவியை இரண்டு விரலால் பிடித்துப் பானைக்கு மேலே வட்டமாகச் சுற்றிக் காட்டினேன். "இதுதான் சேட்டிலைட். இது பாட்டுக்கு இங்கயே சுத்துது. பால்தான் இதத் தேடி வருது, பாருங்க."

பால் தேடி வந்தது. கொதிக்கும் நுரை விரலில் பட்டது. நான் போட்ட சத்தத்தில் எதிர்மலையில் கொழுந்து பறித்தவர்கள் கூடைகளோடு திரும்பிப் பார்த்தார்களாம். சாவி பானைக்குள் போய்விட்டது.

பால் நாலு பக்கமும் பொங்கி வழிந்தது. ஒருவரும் சந்தோஷப்படவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது, கதவு பூட்டியிருக்கிறது, சாவி கொதித்துக்கொண்டிருக்கிறது. பாலைக் கொட்டிவிடலாம் என்று யாரோ வாயெடுக்க, தர்ஷினியின் அம்மா பார்த்த பார்வையில் அவர் அடங்கிப்போனார்.

"பூட்ட ஒடைப்போமா?" என்றார் சித்தப்பா.

பெரியவர் புதுக் கதவைத் தடவிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வியாதி விடவில்லை.

"ஒரு காந்தம் இருந்தா எடுத்துரலாம்," என்றேன்.

"அது பித்தளை, சேர்," என்றாள் தர்ஷினி. (பாடசாலையில் கூப்பிடுகிற அதே 'சேர்'.) சிரட்டை அகப்பையை உள்ளே விட்டுத் துழாவிச் சாவியை எடுத்தாள். முந்தானையில் துடைத்து அப்பாவிடம் கொடுத்தாள், என்னிடம் அல்ல.

நல்ல நேரத்துக்குள் கதவு திறந்துவிட்டது. அந்தப் பாலைத்தான் எல்லோரும் குடித்தோம். பித்தளை வாசம் அடிக்கிறது என்று சித்தப்பா மிடறுக்கு மிடறு சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்து, நைசாக நழுவலாம் என்று செருப்பைத் தேடியபோது பெரியவர் கூப்பிட்டார்.

"தம்பி, விழும்னு சொன்னீங்க. விழுந்துச்சு. சொன்ன சொல்லு தவறாத ஆளுதான். கல்யாணப் பேச்ச ஆரம்பிக்கலாம்."

அவர் சிரிக்கவே இல்லை. கிண்டலா நிஜமா என்று இன்றுவரை கேட்கத் துணிவு வரவில்லை.

ஆனால் அந்த வீட்டுச் சாவியை அதற்குப் பிறகு யாரும் என் கையில் தந்ததில்லை. தைப்பொங்கலன்று பானையில் நுரை கட்டத் தொடங்கினால் மாமியார், "சேட்டிலைட்டு, கொஞ்சம் அந்தப் பக்கமா சுத்துங்க" என்பார். இந்த முறை அவர் சொல்வதற்கு முன்பே என் சின்ன மகள் வந்து கையை நீட்டினாள்.

"அப்பா, பால் பொங்கப் போகுது. மோட்டார் சைக்கிள் சாவியக் குடுங்க."